குதிரைமசால்: தனியாகவா, புல்லோடு சேர்த்தா?

கொழும்பில் முயல் வளர்ப்பவர்களுக்கு அல்ஃபால்ஃபா, திமோத்தி என்ற இரண்டு பெயர்களும் பழக்கம். இரண்டும் உலர்புல்லாகப் பொதியில் வருகின்றன. பிரித்துப் பாருங்கள். திமோத்திப் பொதியில் நீண்ட தாளும் கதிரும் அப்படியே இருக்கும். அல்ஃபால்ஃபாப் பொதியின் அடியிலோ ஒரு கைப்பிடி பச்சைத் தூள் தங்கியிருக்கும். அந்தத் தூள்தான் இலை. புரதத்தில் பெரும்பங்கு அதற்குள்தான் இருக்கிறது. தண்டை மட்டும் தின்னக் கொடுத்துவிட்டுச் சத்தைக் குப்பையில் கொட்டுபவர்கள் நம்மில் பலர்.

அல்ஃபால்ஃபாவுக்குத் தமிழில் குதிரைமசால் என்று பெயர். அது அவரையினம், திமோத்தியோ புல்லினம். மொட்டு விடும் பருவத்தில் வெட்டினால், உலர் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை புரதம் இருக்கும். அதே அக்கறையோடு வெட்டிய திமோத்தியில் ஏறக்குறைய அதில் பாதிதான். இந்த எண்களைப் பார்த்தவுடனேயே பலர் குதிரைமசாலைத் தனியாக விதைக்க முடிவெடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு: மாட்டை மேய விடுவதானால் தனிக் குதிரைமசால் வேண்டவே வேண்டாம்.

இளம் குதிரைமசாலின் புரதம் மாட்டின் முதல் இரைப்பையில் மிக விரைவாகக் கரைகிறது. அங்கே உண்டாகும் வாயு நுரையாகிவிடும். நுரையை ஏப்பமாக வெளியேற்ற மாட்டால் முடியாது. இடது விலாப்பக்கம் பறை போல எழும்பும். கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் மாடு செத்தும் போகும். பயிரில் பாதியளவு புல் கலந்திருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. முற்றாக நீங்குவதில்லை, பசியோடு இருக்கும் மாட்டை அதிகாலை ஈரத்தில் உள்ளே விடக்கூடாது.

உலர்த்துவதிலும் கலப்பே வெல்கிறது. குதிரைமசாலின் தடித்த தண்டு காய்வதற்குள் இலை முறுகி உதிர்ந்துவிடும். இடையில் கிடக்கும் புல் காற்றோட்டம் தந்து குவியலை வேகமாகக் காயவைக்கிறது. வயல் பழையதாகும்போது குதிரைமசால் செடிகள் சில செத்து இடைவெளி விழும். அங்கே மறுபடி அதே விதையைப் போட்டால் சரியாக எழும்பாது, ஏனென்றால் பழைய செடிகள் மண்ணில் விடும் பொருளே இளம் நாற்றைக் கெடுக்கிறது. புல் இருந்தால் இடைவெளியைக் களைக்கு விட்டுக்கொடுக்காது. குதிரைமசால் வேர்முடிச்சுகளில் சேரும் தழைச்சத்தில் ஒரு பங்கு புல்லுக்கும் கிடைப்பதால் யூரியாச் செலவும் மிச்சம்.

கலப்புக்கும் விலை உண்டு. புல் பொட்டாசியத்தை முந்திக்கொண்டு உறிஞ்சும். உரம் குறைந்தால் குதிரைமசால் மெலியும். இரண்டு இனமும் நிற்பதால் களைகொல்லி தெளிப்பதும் சிக்கல். குதிரைமசாலை ஒட்ட வெட்டினாலும் தளிர்க்கும். புல்லுக்கோ 8 முதல் 10 சென்ரிமீற்றர் அடித்தாள் விட வேண்டும்.

எந்தப் புல் என்பதில்தான் குளிர்நாட்டு விவசாயிகள் பிரிகிறார்கள். ஓர்ச்சர்ட் புல் வெட்டியவுடன் பாய்ந்து வளரும், ஆனால் சீக்கிரமே கதிர்விட்டு முற்றும். திமோத்தி சுவையானது, ஆனால் கோடையில் சோர்ந்து அடுத்தடுத்த வெட்டுகளில் பின்தங்கும். உயர ஃபெஸ்க்யூ மிதிபடவும் வறட்சிக்கும் தாங்கும். அதன் பழைய வகைகளில் வாழும் ஒரு பூஞ்சை மாட்டுக்கு நஞ்சு, ஆகவே விதை பார்த்து வாங்க வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வெட்டும் வயலுக்கு நான் ஓர்ச்சர்டைத்தான் தேர்வேன், பிந்தி முற்றும் வகையாக.

சரி, இதெல்லாம் கொழும்பில் நடக்குமா? கொழும்பை அடுத்த வத்தளையில் சித்தப்பாவுக்கு இரண்டு பசுக்கள். ஒரு ஜனவரியில் அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு பேர்ச் நிலத்தில் குதிரைமசால் விதைத்தேன். மூன்று இலைகளாக அழகாக முளைத்தது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "வெந்தயக்கீரை போட்டிருக்கிறாயா?" என்றார். பெரிய தவறில்லை, இரண்டும் நெருங்கிய உறவு. மே மாத மழையில் பாத்தி ஐந்து நாள் தண்ணீரில் நின்றது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு மூன்று மீற்றர் இறங்கக்கூடிய ஆணிவேர் விரல் நீளத்தில் பழுப்பாகி, தோல் வழுகி, கையோடு வந்தது. குதிரைமசாலுக்குத் தேவை வடிகாலும் 6.5க்கு மேற்பட்ட பி.எச். அளவும். நம் கபூக் என்னும் செம்பூரான்கல் மண்ணோ அமிலம், மழையோ வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. நுவரெலியாவின் குளிர் புல்லுக்கு ஒத்துவரும். அங்கும் குதிரைமசாலுக்கு டொலமைட் சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்தாமல் பயனில்லை.

ஆனால் அவரையினத்தோடு பல்லாண்டுப் புல் என்ற சேர்க்கை நமக்கும் பொருந்தும், ஜோடியைத்தான் மாற்ற வேண்டும். கோயம்புத்தூரில் உருவான சிஓ 3 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தண்டை நட்டால் எழும்பும், 45 நாளுக்கு ஒரு வெட்டுத் தரும். வேலியோரம் அவரையினத்து மரமான கிளிரிசிடியா, அதன் இலையில் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் இருக்கும், அமில மண்ணையும் அது பொருட்படுத்தாது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் கலந்தால் போதும்.

முதல் நாள் சித்தப்பாவின் கறுப்புப் பசு கிளிரிசிடியாவை முகர்ந்துவிட்டு மூக்கால் தள்ளியது. பறித்த இலையை மாலை வரை நிழலில் வாடவிட்டு, நறுக்கிய புல்லோடு பிசிறிப் போட்டோம். தொட்டியின் அடியை நக்கும் சத்தம் கேட்டது.