வூப் முறை: ராமநாதபுரம் கடற்கரையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

தை மாதத்தில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த விசைப்படகுத் தொழிலாளியைக் கேட்டாலும், ஏப்ரல் 15-க்குள் கொஞ்சம் காசு சேர்த்துவிட வேண்டும் என்பார். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது பலர் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இந்த மாதிரி ஆசைகளுக்கு, விருப்பத்தையும் அதற்கு வரும் தடங்கலையும் மனதில் பார்த்துத் திட்டம் போடும் வூப் (WOOP) முறை நல்ல கருவி. அதற்கான கைபேசிச் செயலி இலவசம், அதுவும் வேண்டாமென்றால் ஒரு தாளும் பேனாவும் போதும்.

இதை உருவாக்கியவர் நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கேப்ரியேல் ஓட்டிங்கன். எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்து 1991-இல் வந்த அவரது ஆய்வில், மெலிந்த உடம்பை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இளைத்திருந்தார்கள். கற்பனையிலேயே காரியம் முடிந்த நிம்மதி வந்து, உடம்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் வூப்பில் கற்பனை முடிந்த கையோடு தடங்கலையும் பார்த்தாக வேண்டும்.

படி நான்கு: விருப்பம், அதன் விளைவு, தடங்கல், திட்டம். மொத்தம் பத்து நிமிடம். வரிசை மாறக் கூடாது. தடங்கலை முதலில் நினைத்தால் சோர்வுதான் மிஞ்சும்.

விருப்பம் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள் கடல். தை முதல் தடைக்காலம் வரை 13 வாரம் என்றால் 39 பாடு, அதாவது 39 முறை கடலுக்குப் போய் வருவது. வாடைக்காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 26. பாட்டுக்கு 500 ரூபாய் வைத்தால், இரண்டு பாடு சும்மா போனாலும் 12,000 சேரும். காற்றையும் கடலையும் இந்த இடத்திலேயே கணக்கில் கழித்துவிட வேண்டும். அடுத்து விளைவு: வைகாசியில் வட்டிக்குக் கேட்காமல் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு செய்வது எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி ஓரிரு நிமிடம் பார்க்க வேண்டும். பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடுவது இந்தப் படியைத்தான்.

மூன்றாவது படியில்தான் எல்லாம் இருக்கிறது. தடங்கல் என்ன என்று கேட்டால் வாயில் முதலில் வருவது மீன்பாடு இல்லை, டீசல் விலை, விலை போகவில்லை என்பவை. எல்லாம் உண்மை, ஆனால் வூப் கேட்பது நமக்குள்ளே இருக்கும் தடங்கலை. மீன் நன்றாகப் பட்ட நாளிலும் காசு நிற்கவில்லையே, ஏன்? இன்னும் இரண்டு முறை இதே கேள்வியைக் கேட்டால் விஷயம் வெளியே வரும்: கையில் பணம் இருக்கும்போது கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இதுதான் எழுத வேண்டிய வரி.

நான்காவது படி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவம். ‘சிக்கனமாக இருப்பேன்’ என்பது திட்டமே இல்லை. ‘யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்பதும் பலிக்காது. செய்யக் கூடாததைச் சொல்லச் சொல்ல அதுவே மனதில் நிற்கும். ‘பங்குப் பணம் கைக்கு வந்ததும், கரையை விட்டு நகரும் முன் 500 ரூபாயை மனைவி கையில் குழுச் சேமிப்புக்குக் கொடுத்துவிடுவேன்.’ இதில் கண்ணால் பார்க்கிற ஒரு நேரம் இருக்கிறது, கை செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஒரு விருப்பத்துக்கு இப்படி ஒரே திட்டம். நான்கைந்து எழுதி வைத்தால் ஒன்றும் நடக்காது.

கடற்பாசி வளர்க்கும் பெண்களுக்கு இந்த முறை இன்னும் கச்சிதமாகப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். அவர்களுக்கு 45 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. பெப்சி பாசி என்று ஊரில் சொல்லும் கப்பாபைகஸுக்கு 12 அடிச் சதுர மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்று 60 கிலோ விதைப்பாசி கட்ட வேண்டும். அறுவடை நாளில் வியாபாரி தராசோடு நிற்கும்போது அத்தனையையும் எடை போட்டுவிடத்தான் தோன்றும்; பிறகு அடுத்த சுற்றுக்கு விதைக்கு அலைச்சல். அதற்கான திட்டம்: ‘மிதவையைக் கரைக்கு இழுத்ததும், தராசில் எதையும் வைக்கும் முன், நல்ல கிளைகளாக 60 கிலோவை ஒதுக்கித் தண்ணீரிலேயே கட்டி வைப்பேன்.’ வெயில் ஏறும் மாதங்களில் பாசி வெளுத்து உதிர்வது இந்த முறையின் கைக்குள் அடங்காது. அதற்கு மிதவையின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

செயலியின் பயன், வரிசை தவறாமல் நான்கு படியிலும் நிறுத்திக் கேட்பது. குறை, தட்டச்சு செய்யும் அவசரத்தில் கற்பனை சுருங்கிப்போவது. கண்ணை மூடி முடித்தபின் எழுதினால் சரியாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்று மாத ஆசையை விட்டு, நாளைக்குள் முடிகிற ஒன்றை முதலில் எடுக்கலாம்.

படகு உரிமையாளரிடம் பெரிய முன்பணம் வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன சேமிப்புத் திட்டம் உதவாது. பங்கு கைக்கு வரும் முன்பே கழிந்துவிடுவதால் ‘பணம் கைக்கு வந்ததும்’ என்ற நேரமே அங்கே வராது. அவர்கள் விருப்பத்தையே மாற்ற வேண்டும்: பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பது என்று உரிமையாளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது. தடங்கல், பேச்செடுக்கக் கூச்சம். திட்டம், ‘அடுத்த கணக்கு நோட்டை அவர் திறந்ததும், என் பேரில் பாக்கி எவ்வளவு என்று முதலில் கேட்பேன்.’