வீடு நல்ல வீடு, பத்திரத்தில்தான் 50 சதுர அடி குறைகிறது

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) இடத்தில் கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்று கட்டி விற்கிற ஒரு பில்டரிடம் 2021 கடைசியில் நாங்கள் வீடு வாங்கினோம். இரண்டாவது மாடி, 820 சதுர அடி, 48 லட்சம். அதே பில்டர் இப்போது அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் இதே மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறார். வாங்க வருகிறவர்களை எங்கள் கட்டடத்துக்குக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். சில பேர் நேராக என்னிடமே, "எப்படி மேடம் இருக்கு வீடு, திருப்தியா இருக்கா?" என்று கேட்கிறார்கள். மாடிப்படியில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஆறு வீடு, எட்டு வீடு கட்டி விற்கிற யாரிடம் வாங்கினாலும் இது பொருந்தும்.

முதலில் நல்லது. காற்றும் வெளிச்சமும் குறையே இல்லை. சமையலறை கிழக்குப் பார்த்தது, பகலில் விளக்கு போட வேண்டியதில்லை. தூண், பீம் எதிலும் இதுவரை ஒரு கீறல் கிடையாது. சொன்ன மாதத்தில் சாவி கொடுத்தார். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு எல்லாம் பேசின தரத்திலேயே இருந்தன. கட்டுமானத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை தாராளமாகப் போடுவேன்.

ஒன்றரை மார்க் குறைவதற்குக் காரணம் பாத்ரூம். குடிவந்த இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பாத்ரூமை ஒட்டின படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கட்டியது. விரலால் தேய்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. பில்டரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "மழை ஈரம் மேடம், வெயில் வந்தா காய்ஞ்சிடும், ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுங்க" என்றார். சித்திரை வெயிலிலும் காயவில்லை. என் கணவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்தோம். அவர் செய்த சோதனையை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மேல் வீட்டுப் பாத்ரூமில் தண்ணீர் வெளியேறும் தரைக்குழியை (நஹானி ட்ராப்) ஈரத்துணியும் பிளாஸ்டிக் கவரும் வைத்து அடைத்தார். தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி அதில் பாதி பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் பாத்ரூம் சீலிங்கில், நாலு இன்ச் பைப் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி, வளையல் மாதிரி வெளிர்நீல வட்டம் தெரிந்தது.

அடுக்குமாடியில் பாத்ரூம் ஸ்லாபை மற்ற அறைகளைவிட முக்கால் அடி, ஒரு அடி இறக்கிப் போடுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் பைப் ஓட்டி, நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். நிரப்புவதற்கு முன்பு பள்ளத்துக்கு வாட்டர் புரூஃபிங் பூச வேண்டும், நாலைந்து நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேல் வீட்டில் ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தபோது அடியில் கிடந்தது உடைந்த செங்கல்லும் சிமென்ட் கட்டியுமாகக் கட்டட வேலையின் கழிவுதான். பூச்சு பேருக்குக்கூட இல்லை. அந்தக் கழிவு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் கசியவிடுகிறது. சரிசெய்ய 38,000 ரூபாய் ஆகும் என்று கணக்குச் சொன்னார் பொறியாளர். பில்டரோ, ஒப்பந்தப்படி ஒரு வருடம்தான் பொறுப்பு, அது முடிந்துவிட்டது என்றார். சரி, வேலை நடக்க வேண்டியது மேல் வீட்டில், அந்த வீட்டுக்காரரிடம் பேசுவோம் என்று போனோம். கதை அங்கேதான் வேறு பக்கம் திரும்பியது.

எங்கள் கட்டடம் ஜாயின்ட் வென்ச்சர். இடத்துக்காரர் நிலம் கொடுத்தார், பில்டர் கட்டினார், ஆளுக்கு மூன்று வீடு. பில்டர் பங்கு மூன்று வீட்டில் ஒன்றைத்தான் நாங்கள் வாங்கினோம். எங்களுக்கு மேலே இருப்பது இடத்துக்காரர் பங்கு. இடத்துக்காரரான அந்தப் பெரியவர் 2022இல் காலமாகிவிட்டார். இரண்டு மகன், ஒரு மகள். பாகப்பிரிவினை ஆகவில்லை. மேல் வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண்ணோ, "அக்கா, வாடகையை மூணு பேருக்கும் பிரிச்சுத்தான் அனுப்புறேன். ஒரு குழாய் மாத்தணும்னாலும் மூணு பேரையும் கேக்கணும்" என்கிறாள். மூத்தவர் இளையவரைக் கேட்கச் சொல்கிறார், இளையவர் பாகம் பிரிக்காமல் ஒரு பைசா செலவு செய்ய மாட்டேன் என்கிறார். பெங்களூரில் இருக்கிற மகள்தான் போனை எடுத்துப் பொறுமையாகக் கேட்டவர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஸ்டில்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எங்கள் தெருவில் அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லாருக்கும் செப்டிக் டேங்க்தான். சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி அப்போது தரை மட்டத்திலேயே இருந்தது. செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து இரண்டு தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. மோட்டார் பேனல் போர்டு இடுப்பு உயரத்தில் இருந்ததால் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வடிந்த பிறகு சம்ப்பை ஆள் வைத்துக் கழுவ வேண்டும், மூடியை இரண்டடி உயர்த்திக் கட்ட வேண்டும், மொட்டை மாடிக்கும் கோட்டிங் போட வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். வீட்டுக்கு 20,000 என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

மூத்தவர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொட்டை மாடி எங்களுது. நிலத்துலயும் எங்களுக்குத்தான் பங்கு கூட. அதுல என்ன செய்யணும்னு நாங்க முடிவு பண்ணுவோம்."

நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். பங்கு கூட என்றால் எவ்வளவு கூட என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பில்டரிடம் வாங்கின மற்ற இரண்டு வீட்டுக்காரர்களின் பத்திரத்தையும் வாங்கி எங்கள் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் சொத்து விவரம் சொல்கிற பி ஷெட்யூலில் ஒரே வாசகம்: 2,400 சதுர அடி நிலத்தில் 350 சதுர அடி பிரிபடாத பாகம். யுடிஎஸ் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு, அதிலிருந்த எண்ணை வைத்து ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தத்துக்கும், தன் சார்பில் விற்க இடத்துக்காரர் பில்டருக்குக் கொடுத்த பவர் பத்திரத்துக்கும் நகல் எடுத்தேன். ஒப்பந்தத்தில் நிலம் பாதிக்குப் பாதி. பில்டர் தரப்புக்கு 1,200 சதுர அடி. அதை மூன்று வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 400. எங்களுக்கு எழுதிக்கொடுத்ததோ 350. மூன்று வீட்டிலும் சேர்த்து 150 சதுர அடி எழுதிக்கொடுக்கப்படாமல் பெரியவர் பேரிலேயே நின்றுவிட்டது. பட்டாவும் இன்னும் அவர் பேரில்தான்.

பில்டரைக் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் மேடம் போடுறாங்க. உங்களுக்கு ஸ்டாம்ப் டூட்டி மிச்சம்தானே" என்றார். மிச்சத்தையும் கணக்குப் போட்டேன். அன்றைக்கு நிலப் பாகத்துக்கு ஸ்டாம்ப் டூட்டி 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அரசு நிர்ணயிக்கிற வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 4,000 என்று வைத்துக்கொண்டால் 50 சதுர அடிக்கு மிச்சமாவது 22,000 ரூபாய். எங்கள் தெருவில் இன்று சதுர அடி 8,000 சொல்கிறார்கள், அதன்படி எங்களிடம் இல்லாமல் போன நிலத்தின் மதிப்பு நாலு லட்சம். அந்த மிச்சம் வேண்டுமா என்று பதிவுக்கு முன்னால் எங்களை யாரும் கேட்கவில்லை. 2023 டிசம்பரிலிருந்து பில்டரிடம் வாங்கும் புது வீட்டுக்குக் கட்டடமும் நிலப் பாகமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவாகிறது. 50 லட்சம் வரை ஸ்டாம்ப் டூட்டி 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகவே இனிமேல் இந்தச் சாக்கை யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விட்டுப்போன 50 சதுர அடியை இப்போது எழுதித் தரச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். பில்டர் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டது பெரியவர் கொடுத்த பவரை வைத்து. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போயிற்று என்பதுதான் பொது விதி. இது பில்டரின் சொந்தப் பங்குக்காகக் கொடுத்த பவர், அதனால் செல்லும் என்று பில்டரின் வக்கீல் வாதாடுகிறார். எங்கள் வக்கீல், வாரிசுகள் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவதுதான் பிற்காலத்துக்குப் பாதுகாப்பு என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரு வழக்கைத் தீர்க்கப் போய் இன்னொரு வழக்குக்கு வித்து போட வேண்டாம்.

லோன் கொடுத்த வங்கியின் வக்கீல் லீகல் ஒபினியன் கொடுத்திருக்கிறார், அதற்கு எங்களிடம்தான் கட்டணமும் வாங்கினார்கள். பதினோரு பக்கம். தாய்ப்பத்திரம் சரி, வில்லங்கம் இல்லை, அடமானம் வைக்கத் தகுந்தது என்று இருக்கிறது. ஒப்பந்தப்படி வர வேண்டிய பாகம் வந்திருக்கிறதா என்று ஒரு வரி கிடையாது. வங்கி கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் அதில் கேள்வி. அந்த அறிக்கையை நம்பித் தனி வக்கீலைத் தவிர்க்காதீர்கள். மொட்டை மாடி, படிக்கட்டு, சம்ப், பார்க்கிங் எல்லாம் பொது என்று பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பத்திரத்தில் மொட்டை மாடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூத்தவர் பூட்டுப் போட்டுச் சாவியை வைத்திருக்க அந்த மௌனமே போதுமானதாக இருந்தது.

ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், புகார் கொடுக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடம் என்றால் ரெரா பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர்தான். அந்தச் சட்டத்தில் கட்டுமானக் குறைகளுக்கு வீட்டைக் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு, சொன்ன 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. மடிப்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு வாங்குகிறவர்களுக்கு அந்தக் குடை கைக்கு எட்டுவதில்லை. எங்களுக்கு இருந்த வழி நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பாத்ரூம் விஷயத்தில் போட்டிருக்கிறோம். பொறியாளர் எடுத்த நீல வட்டப் படமும், தேதி போட்ட அவருடைய அறிக்கையும்தான் எங்கள் முக்கிய ஆவணங்கள்.

பார்க்கிங்குக்கு எங்களிடம் தனியாக இரண்டு லட்சம் வாங்கினார். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது என்று 2010இல் மும்பைக் கட்டடம் ஒன்றின் வழக்கில், மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் ஊருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது தனி வாதம். ஆறு வீட்டுக்கும் இடம் இருப்பதால் அதில் இன்னும் தகராறு வரவில்லை.

நிலத்தில் 50 சதுர அடி குறைந்தால் குடியிருக்கிறவளுக்கு என்ன நஷ்டம் என்று என் மாமியாரே கேட்டார். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது யாருக்கு எவ்வளவு என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். 2022ஆம் வருடத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது, அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஆறு வீட்டில் நாலு வேண்டும். எங்கள் கட்டடத்தில் மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்.

எழுதும்போது நிலவரம் இது. கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டோம். சம்ப் மூடியை உயர்த்திக் கட்டியாயிற்று, மூன்று வீட்டுப் பணத்திலும் மகள் அனுப்பிய 20,000 ரூபாயிலும். மூத்தவரிடம் நான், "பங்கு கூடன்னா மொட்டை மாடிச் செலவும் கூடத்தானே வரும் சார், 2,400க்கு 1,350ன்னு போடட்டுமா?" என்று கேட்டேன். நோட்டை வாங்கி அவரே ஒரு முறை வகுத்துப் பார்த்தார். கோட்டிங் செலவில் மட்டுமே அவர்கள் பக்கம் சில ஆயிரம் கூடியது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு சமமாகவே போடுங்கள் என்றார், மொட்டை மாடிக்கு இன்னொரு சாவியும் செய்து கொடுத்தார். 150 சதுர அடியை எழுதித் தர மகள் சம்மதித்துவிட்டார். மூத்தவர் பத்திரச் செலவை பில்டர் ஏற்றால் போடுகிறேன் என்கிறார். இளையவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. தை பிறந்ததும் மூன்று பேரும் பாகப்பிரிவினைக்கு மடிப்பாக்கம் வருகிறார்களாம். அன்றைக்கே இதையும் சேர்த்துப் பதிவு செய்ய வக்கீல் வரைவை எழுதி வைத்திருக்கிறார். பில்டர் செலவை ஏற்பதாக வாயால் சொல்லியிருக்கிறார், எழுத்தில் கேட்டிருக்கிறேன்.