கல்யாண வீடியோவுக்கு ஒரு வேரியபிள் என்டி ஃபில்டர்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம், பகல் பதினோரு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. வெயில் தாங்காமல் ஷட்டரை 1/2000 வினாடிக்கு ஏற்றி எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஓடவிட்டுப் பார்த்தால் தவில்காரர் விரல்கள் வெட்டி வெட்டித் தெரிகின்றன, அந்த ஓட்டமே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரமே வாங்கியதுதான் லென்ஸ் முன்னால் மாட்டும் இந்த 77 எம்எம் ஃபில்டர். வளையத்தைத் திருப்பத் திருப்ப 2 முதல் 5 ஸ்டாப் வரை ஒளியைக் குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). ஒரு வருடமாக வெளியில் கல்யாணம் எடுக்கும்போது லென்ஸை விட்டுக் கழற்றுவது அரிது.

வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 இருந்தால்தான் அசைவு இயல்பாக வரும், மண்டபத்து டியூப்லைட்டும் மினுக்காது. ஒளி உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100 வைத்தால்கூட நம்ம ஊர் உச்சி வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்22 வரை மூட வேண்டியிருக்கும், அவ்வளவு மூடினால் படம் மழுங்கிப்போகும். ஃபில்டரை முழுக்கத் திருப்பினால் எஃப்4 கிடைக்கிறது. ஆனால் லாக்கில் (பிறகு வண்ணம் திருத்துவதற்காக எடுக்கும் முறை) ஐஎஸ்ஓ 800க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் அதே வெயிலில் ஃபில்டரை முழுக்கத் திருப்பியும் எஃப்11தான், உங்களுக்கு இந்த 5 ஸ்டாப் போதாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு முனையிலும் வளையம் நின்றுவிடுவது. முன்னே வைத்திருந்த விலை மலிவான ஒன்றில் அந்தத் தடுப்பு இல்லை, கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கருப்பு விழும், கேமராவின் சின்னத் திரையில் அது கண்ணுக்கே படாது. இதில் 24 எம்எம் லென்ஸ் வரை அந்தத் தொல்லை இல்லை. அதைவிட அகலமாகக் காட்டும் 16 எம்எம் போட்டு வீட்டு முகப்பை வானத்தோடு எடுத்தால் மட்டும் நீலம் ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெளுத்தும் வருகிறது.

பெரிய குறை வேறு. உள்ளே இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போலரைசர் கண்ணாடி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுபவை), அதனால் முன் கண்ணாடியைத் திருப்பும்போது வெளிச்சத்தோடு பளபளப்பும் சேர்ந்து மாறும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) நின்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை எடுத்தேன், தூணின் பிம்பம் கண்ணாடியில் போலத் தரையில் விழுந்திருந்தது, வளையத்தைக் கொஞ்சம் திருப்பியதும் அந்தப் பிம்பம் அப்படியே காணாமல் போய் வெறும் தரைதான் மிஞ்சியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவருக்கும் இதே கதிதான். அந்த மெருகுக்காகத்தானே இந்த வீடுகளைத் தேடி வருகிறார்கள்? வீட்டை மட்டும் எடுக்கும் நாளில் இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண என்டி 64 போடுகிறேன். அது ஒரே அளவாக 6 ஸ்டாப் குறைக்கும், பளபளப்பில் கை வைக்காது.

பட்டாலைக்குள் (வீட்டுக் கூடம்) போனாலும் கழற்ற வேண்டும், குறைந்தபட்சமே 2 ஸ்டாப் தின்றுவிடுகிறது.

ஆனால் வாசலில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும்போது இதற்கு ஈடு இல்லை. ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95இல் வைத்துக்கொள்கிறேன், பெண் பந்தல் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது கழுத்திருவில் (நகரத்தார் தங்கத் தாலி) கோடு ஓட ஆரம்பிக்கும், வளையத்தை ஒரு நூல் திருப்பினால் போதும், தங்கம் வெள்ளையாகப் போகாமல் தங்கமாகவே நிற்கிறது.