ஆள் விழுந்தால் சில்லறை கொட்டும்: நான்கு ஸ்காட் பில்கிரிம்

எதிரியை அடித்து வீழ்த்தினால் ஆள் மறைந்து, அவன் நின்ற இடத்தில் காசு கொட்டும். வீடியோ கேமில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் டொராண்டோவில் ஓர் இசைக்குழுவின் கச்சேரி நடுவே, மேத்யூ பட்டேல் என்ற ஆசாமி அடி வாங்கிச் சில்லறையாகச் சிதறுகிறான். ஜெயித்தவனோ குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூடப் பத்தவில்லையே என்று அலுத்துக்கொள்கிறான். சிரிப்பு வருவது அந்த அலுப்பில்தான். பிரையன் லீ ஓ'மாலியின் 'ஸ்காட் பில்கிரிம்' காமிக்ஸ் முழுக்க இந்த ரகம்.

கதை சின்னது. வேலை வெட்டி இல்லாமல் கிட்டார் தட்டிக்கொண்டிருக்கும் ஸ்காட்டுக்கு ரமோனா மேல் காதல். அவளோடு பழக வேண்டுமானால் அவளுடைய ஏழு பழைய காதல்களைச் சண்டையில் தோற்கடிக்க வேண்டும். இது 2004 முதல் 2010 வரை ஆறு புத்தகங்களாக வந்தது. 2010இல் எட்கர் ரைட் படமாக எடுத்தார். அதே ஆண்டு யூபிசாஃப்ட் வீடியோ கேமாக்கியது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதி அனிமேஷன் தொடரும் வந்துவிட்டது. எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் படம். தயாரிப்பு நிறுவனமான யுனிவர்சலின் உலக உருண்டையே கட்டம் கட்டமாக, பழைய 8-பிட் கேம் இசையோடு சுழன்றுதான் தொடங்குகிறது. ஸ்காட் சிறுநீர் கழிக்கப் போனால் திரையில் ஒரு பட்டை தோன்றி, நிமிடத்தில் குறைந்து காலியாகிறது. கதைக்கு இதனால் நயாபைசா பிரயோஜனமில்லை. ஆனாலும் இந்த உலகத்தின் விதி என்ன என்பது அந்த ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது. ஓர் இடத்தில் தொடங்கும் பேச்சு இன்னோர் இடத்தில் முடிகிறது. பட்டனைத் தட்டி அடுத்த கட்டத்துக்குத் தாவுவது போல. அந்த ஏழு பேரில் முதல் ஆளான பட்டேல் சண்டைக்கு நடுவே பாட்டும் ஆட்டமுமாக இறங்கும்போது தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாது.

ரைட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் க்ளைமாக்ஸில் இருக்கிறது. (முடிவைச் சொல்லப் போகிறேன், படம் வந்து எத்தனை வருடமாகிவிட்டது!) காதலின் வலிமையால் கிடைத்த வாளோடு, ஏழு பேரில் கடைசி ஆளான கிடியனிடம் போகும் ஸ்காட் செத்துப்போகிறான். ஆனால் முந்தைய சண்டையில் வென்ற ஓர் உபரி உயிர் கையில் இருக்கிறது. மறுபடி அதே வாசல், அதே காவலாளி, அதே கேள்விகள். இந்த முறை எல்லாவற்றையும் கடகடவென்று கடக்கிறான், ஏற்கெனவே ஆடிய கட்டத்தை மறுபடி ஆடுபவன் வசனங்களைத் தாண்டுவதுபோல. நிற்கும் இடங்கள் மட்டும் வேறு. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்கிறான், வாளும் இப்போது சுயமரியாதையின் பெயரால் வருகிறது. தப்பைத் திருத்த இன்னொரு வாய்ப்பு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

காமிக்ஸ் இதைவிட ஒரு படி ஆழம். இரண்டாம் புத்தகத்தில் ஸ்காட்டின் பள்ளிக்காலம் வருகிறது. தோழி கிம்மைக் காப்பாற்ற ஆட்களை வரிசையாக அடித்து முன்னேறுகிறான். பக்கங்களே பழைய அடிதடி கேம் மாதிரி இருக்கும். நாமும் ரசித்துவிட்டுக் கடந்துபோவோம். ஆறாம் புத்தகத்தில் கிம் வாயால் உண்மை வெளிவருகிறது: அடிபட்டவன் கிம்முடைய அப்போதைய காதலன், யாரையும் கடத்திய வில்லன் அல்ல. அந்த கேம் பூச்சு ஸ்காட் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை! அப்புறம் அவனைப்போலவே இருக்கும் நெகா ஸ்காட் எதிரில் நிற்கும்போது, அவனை அடித்து விரட்டாமல் தன்னோடு சேர்த்துக்கொண்டால்தான் மறந்த தப்புகளெல்லாம் நினைவுக்கு வருகின்றன. படத்திலும் நெகா ஸ்காட் உண்டு. அங்கே இருவரும் சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். நல்ல ஜோக். ஆனால் கதையின் முதுகெலும்பு அதில் காணாமல் போய்விட்டது.

இதற்குப் படத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. படப்பிடிப்பு நடந்தபோது கடைசிப் புத்தகம் வெளிவரவில்லை. ஸ்காட் கடைசியில், ரமோனாவுக்கு முன் பழகிய நைவ்ஸோடு சேர்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள், பிறகு மாற்றி ரமோனாவோடு அனுப்பினார்கள். ஸ்காட்டாக வரும் மைக்கேல் செராவும் ரமோனாவாக வரும் மேரி எலிசபெத் வின்ஸ்டெட்டும் கைகோத்து நடக்கையில் அந்த ஒட்டு கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது. தவிர, காமிக்ஸில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிற வாழ்க்கை 112 நிமிடத்தில் சில நாள் கூத்தாகிவிட்டது. ஸ்காட் வேலைக்குப் போவதெல்லாம் அதில் அடிபட்டுப்போயிற்று. செலவு 6 கோடி டாலருக்குக் குறையாது. தியேட்டர் வசூல் அதை எட்டவில்லை. இத்தனைக்கும் நடித்தவர்கள் கிறிஸ் எவன்ஸ், பிரீ லார்சன், கீரன் கல்கின், ஆப்ரி பிளாசா என்று இன்று பெயர்களைப் படித்தால் நம்பவே முடியாது.

கேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால் ராபர்ட்சனின் பிக்சல் ஓவியமும் அனமனாகுச்சி இசைக்குழுவின் இசையும் அருமை, நாலு பேர் சேர்ந்து ஆடினால் நேரம் போவதே தெரியாது. 2014இல் ஆன்லைன் கடைகளிலிருந்து காணாமல் போய் 2021இல் திரும்பி வந்தது. ஆனால் ஒரு வேடிக்கை: இங்கேயும் ஆள் விழுந்தால் காசு கொட்டுகிறது, யாரும் சிரிப்பதில்லை. பொறுக்கி எடுத்துக் கடையில் செலவழிக்கிறோம். கேமுக்குள் போனதும் ஜோக் வெறும் விதியாகிவிடுகிறது.

புதிதாக வருபவர் படத்தில் தொடங்கலாம், பிடித்திருந்தால் ஆறு புத்தகங்களுக்கும் போகலாம். கையில் ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் புத்தகம். அனிமேஷனை மட்டும் கடைசியில் வையுங்கள். படத்தின் நடிகர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் பழைய கதையையே திரும்பச் சொல்லப் போகிறார்கள் என்று சாய்ந்து உட்கார்வோம். முதல் பகுதியின் முடிவிலேயே பட்டேல் ஜெயித்துவிடுகிறான். இந்தத் தடவை சில்லறையாவது ஸ்காட். அவனுக்கு என்ன ஆனது என்று தேடிக் கிளம்புகிறாள் ரமோனா.