மல்டிமீட்டர், டயர் கேஜ், பிரேக் ஆயில் பேனா: இரண்டு வருஷம் வைத்திருந்த பிறகு

கழற்றிப் போட்ட பிரேக் பேடைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த மூன்று சாமான்களையும் வாங்குவது என்று முடிவு செய்தேன். "பேட் முடிஞ்சிருச்சு சார், மாத்திட்டோம்" என்றார்கள் சர்வீஸில். பழசைக் கொடுங்கள் என்று கேட்டேன், தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார்கள், ஸ்கேலை வைத்துப் பார்த்தால் உராயும் பகுதி மட்டுமே 7 மில்லிமீட்டர் இருக்கிறது. புதுசிலேயே 10, 12தான் இருக்கும், 3 வரும் வரைக்கும் நிம்மதியாக ஓட்டலாம். பேடில் இவ்வளவு அவசரப்பட்டவர்கள் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது, செல்ஃப் எடுக்கவில்லை.

நான் எதையும் நாள் கடத்தாத ஆள். ஆயிலோ ஃபில்டரோ, கெடு வருவதற்குள் மாற்றிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், வீட்டில் அதற்குக் கிண்டலும் உண்டு. ஆனால் எவ்வளவு முன்னால் செய்வது என்று தெரியாமலேயே இத்தனை வருஷம் செலவு செய்திருக்கிறேன் என்பது அந்தப் பேடைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மூன்றில், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர்தான் ராஜா. ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் எதையும் ஆன் செய்வதற்கு முன் பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. இஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8லிருந்து 14.5க்குள் காட்டும், அதற்குக் கீழே இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாமல், அதை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் காலை 12.6 காட்டிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது, உள்ளே தெம்பு போன கிழட்டு பேட்டரிகூட சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். ஸ்டார்ட் செய்கிற நேரத்தில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். தங்கை மகன் உள்ளே உட்கார்ந்து "மாமா, இப்ப போடவா?" என்று கத்துவான், நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு எண்ணைப் பார்ப்பேன். புது பேட்டரி போட்ட பிறகு 10.8 வரை விழுந்தது, அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே முறையில் என் தம்பி வண்டியையும் பார்த்து வந்தோம்: 10.3, அப்புறம் 9.9, ஒரு நாள் 9.4. 9.6க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது கணக்கு, அதனால் அடுத்த வாரமே மாற்றச் சொல்லிவிட்டேன். "நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது" என்று அவன் முனகினான், ஆகத்தான் செய்தது. வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். முனையில் முதலைக் கிளிப் வேண்டும், வெறும் ஊசி முனை வழுக்கிக்கொண்டே இருக்கும். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதியும் வேண்டும், இல்லையென்றால் எண் மாறுகிற வேகத்துக்கு அந்த முதல் சரிவு கண்ணில் படவே படாது.

டயர் கேஜ் (காற்று பார்ப்பது இல்லை, பட்டன் ஆழம் அளப்பது) ஒன்றுமில்லாத சாமான், ஆனால் அதன் வேலை பெரிது. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர், பல நாடுகளில் சட்டம் சொல்கிற எல்லை 1.6. மழையில் பிரேக் தூரம் அதற்கு வெகு முன்பே நீள ஆரம்பித்துவிடும், அதனால் நான் 3 வந்ததும் மாற்றிவிடுவேன். ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் பாருங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், சரியில்லை. என் முன் இடது டயரின் உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தது, வெளியில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. அப்போதே அலைன்மென்ட் பார்த்ததால் டயர் பிழைத்தது. டிஜிட்டல் கேஜ் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மேல் வைத்து பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள், சாதா ஸ்லைடு கேஜே போதும் என்பது என் கட்சி.

இனி பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற பேனா. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குமிழி வரும், பெடல் புசுக்கென்று தரை வரை போய்விடும். அதனால் இதை அளக்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் இந்தப் பேனா கொதிநிலையை அளப்பதில்லை, இரண்டு ஊசிக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து விளக்கு எரிக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி ஆயிலின் கலவை வேறு. அப்போதுதான் சீல் உடைத்த பாட்டிலில் விட்டுப் பார்த்தேன், ஈரம் இருக்கிறது என்று மஞ்சள் எரிந்தது! போதாக்குறைக்கு, பேனா பார்ப்பது மேலே டப்பாவில் இருக்கிற ஆயிலை, சூடாவதோ கீழே சக்கரத்துப் பக்கம் இருப்பது. இதை நம்பித் தள்ளிப் போடுவதற்கு, புத்தகம் சொல்கிறபடி (என் வண்டிக்கு இரண்டு வருஷம்) கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். சொட்டு கீழே விழுந்தால் பெயின்டையும் அரிக்கும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியாலும் அளக்க முடியாதவையும் உண்டு. இஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் நேரம் பிசகாமல் சேர்த்து ஓட்டுகிற டைமிங் பெல்ட் பார்க்கப் புதுசு மாதிரியே இருந்துவிட்டு அறுந்து போகும், பல இஞ்சின்களில் அறுந்த நொடியே வால்வு பிஸ்டனில் மோதிவிடும். கிலோமீட்டரோ வருஷமோ எது முதலில் வருகிறதோ அதற்கு முன்னாலேயே மாற்றுங்கள், வாட்டர் பம்பை பெல்ட்டே சுற்றுகிறது என்றால் அதையும் சேர்த்துப் போடுங்கள், பிரிக்கிற வேலை ஒன்றுதான். ஆயிலும் அப்படித்தான், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களின் இஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை, ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும், அவர்களுக்குக் கெடு சீக்கிரம். ஏர் ஃபில்டரை மட்டும் சும்மா சும்மா மாற்றாதீர்கள், லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதுசைவிட நன்றாகவே வடிகட்டும்.

போன மாதம் அதே சர்வீஸுக்குத்தான் போனேன். "பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். பையன் குனிந்து அளந்துவிட்டு, "அஞ்சு இருக்கு சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான். மீட்டரும் கேஜும் வண்டியிலேயே கிடக்கின்றன. அந்தப் பேனா யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேட்டரியோடு சும்மாவே தருகிறேன்.