மேலே கார்பன், உள்ளே கண்ணாடி இழை: மலிவு விலை ஃபிரேம் வாங்குவோர் கவனத்துக்கு

கோவையில் சைக்கிள் ஃபிரேம் செய்து தரும் ஒரு பட்டறை என்னிடம் 38,000 ரூபாய் வாங்கியது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். "அச்சு முதல் பூச்சு வரை எல்லாம் இங்கேயே செய்கிறோம், முழுக்க டி700 கார்பன்" என்று சொன்னார்கள். டி700 என்பது கார்பன் இழையில் ஒரு வகை. ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளை, எழுதினார்கள்.

பெடலை அழுத்தி மிதித்தால் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் கிரீச் என்று சத்தம். கிரீஸ் தடவச் சொன்னார்கள். மருதமலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது ஃபிரேம் பக்கவாட்டில் நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. பிறகு முடி போல ஒரு விரிசல். "பெயின்ட்தான் சார் வெடித்திருக்கிறது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

பழக்கமான மெக்கானிக் ஒருவர் விரிசல் விட்ட இடத்தை ரம்பத்தால் அறுத்தார். பெடல் அச்சைத் தாங்கும் அலுமினியக் குழல் கையோடு வந்துவிட்டது. ஒட்டும் முன் உலோகத்தைச் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். இதிலோ கடைசல் பளபளப்பு அப்படியே இருந்தது. ஃபிரேம் குழாயின் ஒரு பக்கம், இழைகளைப் பிணைக்கும் பிசின் குளம் கட்டியிருந்தது, மறுபக்கம் விரலால் அழுத்தினாலே உள்வாங்கியது. வெளியே ஒரே ஒரு சுற்று கறுப்புக் கட்டம் போட்ட நெசவு, அதற்கடியில் எல்லாம் வெளிறிய இழை. ஒரு துண்டை லைட்டரில் காட்டினோம். பிசின் எரிந்து, கரியைத் தட்டியதும் வெள்ளை நூல் மிஞ்சியது. கார்பன் என்றால் மிஞ்சுவதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

கண்ணாடி இழை கெட்ட பொருள் அல்ல. படகு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில்தான் செய்கிறார்கள். ஆனால் அதன் விறைப்பு டி700 இழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கார்பனுக்கு வகுத்த கனத்திலேயே கண்ணாடி இழையைச் சுற்றினால் நெளியாமல் என்ன செய்யும்? கண்ணாடி இழை என்று சொல்லி, அதற்கேற்ற கனமும் விலையும் வைத்திருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

வாங்கப் போகிறவர்கள், சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210-இன் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பந்தய சைக்கிள் ஃபிரேம் என்றால், அதில் பெடல் விசைச் சோதனை மட்டுமே 1,100 நியூட்டன் சுமையில் 1,00,000 சுற்று ஓட வேண்டும். நான் கேட்டபோது, ஃபிரேமின் மேல் இரண்டு பேர் ஏறி நின்று சிரிக்கும் புகைப்படத்தை அனுப்பினார்கள்! அறுத்த மாதிரித் துண்டையும் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிற பட்டறையில் கழித்துப் போட்ட ஃபிரேம் ஒன்றாவது கிடக்கும். பிசினை எந்தச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸிப் பிசின், நம் ஊர் வெயிலில் நிற்கும் கறுப்பு ஃபிரேமில் இளகத் தொடங்கிவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஃபிரேமைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள், வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நான் கொடுத்த பிறகுதான் பட்டறைக்காரருக்குத் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியது. "ஆய்வுக்காக" துண்டுகளை அனுப்பினால் பாதிப் பணம் தருகிறாராம். துண்டுகள் என் அலமாரியில் பூட்டியிருக்கின்றன.