ஆளுக்கொரு துப்பாக்கியா, இப்போதிருக்கும் கெடுபிடியா?

"ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தா எவன் அரிவாளைத் தூக்குவான்?" என்று கேட்கிறார் களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா. அமெரிக்காவில் 1791லிருந்தே அது அரசியல் சட்ட உரிமை, ஆனால் அங்கே துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை, கொலைகளிலும் பெரும்பாலானவை துப்பாக்கியால்தான். சித்தப்பா அதைச் சொல்ல மாட்டார்.

நம்ம ஊரில் 1959 ஆயுதச் சட்டம். லைசென்ஸ் வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும், 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சரி, அரிவாள்? அது விவசாயக் கருவி, வீட்டுக்கு வீடு கிடக்கிறது, வெட்டும் நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அரிவாள்காரன் கிட்டே வந்தாக வேண்டும், ஓடித் தப்பலாம். வரப்புத் தகராறைப் பத்து வருஷம் மனசில் வைத்திருக்கிற ஊரில் தூரத்திலிருந்தே சுடுகிற சாமானும் வேண்டுமா? என் ஓட்டு கெடுபிடிக்கு. பன்றி விரட்ட சித்தப்பாவுக்கு நாயே போதும்.